மலைக்கு வரும் குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விழா நெருங்கினால் நீலகிரியைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் நாள்தோறும் வருகின்றன. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, உதகையில் ரோஜாக் கண்காட்சியும் மலர்க் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று மே மாதம் முழுவதும் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு கட்டணம் வசூலானது, எந்தச் சாலையில் எத்தனை மணி நேரம் வாகனங்கள் நின்றன என்ற விவரங்களைத் தவறாமல் படிக்கிறோம். வந்தவர்களில் பெரும் பகுதியினர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து வந்த குடும்பத்தினர். அந்தப் பிள்ளைகள் இந்த மலையில் என்ன செய்தார்கள், எதைத் தெரிந்துகொண்டு கீழே இறங்கினார்கள் என்ற கேள்விக்கு மட்டும் எந்தச் செய்தியிலும் இடம் கிடைப்பதில்லை. இம்மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சிறிது விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1899-ஆம் ஆண்டு குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உலகில் அவ்வகையில் முதலாவது அதுவே. பொருளைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்து, அதற்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி வைக்கும் வழக்கத்தை விட்டு, எடுத்துப் பார், திருப்பிப் பார், கழற்றிப் பார் என்று சொல்லும் இடங்கள் அதன் பிறகு பல நாடுகளில் உருவாயின. அதே 1899-இல்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஓடத் தொடங்கியது. பழனி மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். நூறாண்டுக்கு மேலாக உலகம் வியக்கும் இரண்டு அறிவியல் சாதனங்கள் நம் மலைகளில் இயங்கி வருகின்றன. அவற்றைப் பிள்ளைகள் கைகளால் புரிந்துகொள்வதற்கான கூடம் மட்டும் இன்னும் அமையவில்லை.

கோவையில் கொடிசியா அருகே மண்டல அறிவியல் மையம் இருக்கிறது. சென்னையில் கோளரங்கத்தோடு கூடிய அறிவியல் மையம் இருக்கிறது. அவற்றில் ஒன்றைப் படியெடுத்து உதகையில் வைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காந்தமும் லென்சும் எந்த ஊரிலும் ஒன்றுதான். இந்த மலையில் மட்டுமே கற்றுக்கொள்ளத் தக்கவை பல உள்ளன. அவற்றை வைத்தே ஒரு சிறுவர் அருங்காட்சியகம் எழுப்ப முடியும் என்பதே நான் சொல்ல வருவது.

மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற விவரங்களைப் பொது அறிவுப் போட்டிக்காகப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் அந்த ரயில் எப்படி ஏறுகிறது என்று கேட்டால் பெரியவர்களிலும் பலர் தயங்குகிறார்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்ற அளவில் இருப்பதால், வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவை மாறி மாறி அமைந்துள்ளன. அதனால் இன்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடுவதில்லை. ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த முறை இது. இன்ஜின் முன்னால் நின்று இழுக்காமல் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. தண்டவாளச் சக்கரங்களை ஓட்டிய அதே நீராவி மறுபடியும் பல்சக்கரங்களை ஓட்டப் பயன்படுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, இன்ஜினின் விசிலைக் கேட்டுத் தன் பிரேக்கைப் பிடிக்கிறார்.

இவ்வளவையும் வகுப்பறையில் கரும்பலகையில் வரைந்து சொல்லிக் கொடுத்தபோது, “பல் தேய்ந்து போகாதா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். பதிலை நான் வாயால் சொன்னேன். சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு மரப்பலகை, அதன் மேல் ஓட ஒரு வழவழப்பான சக்கரம், ஒரு பல்சக்கரம், கையில் சுழற்ற ஒரு கைப்பிடி, தொட்டுப் பார்க்கத் தேய்ந்து கழிக்கப்பட்ட ஒரு பழைய பட்டை ஆகியவை இருந்திருந்தால் அவளே பதிலைக் கண்டுபிடித்திருப்பாள். மேட்டுப்பாளையம் நிலையத்தில் மலை ரயிலைப் பற்றிய சிறிய அருங்காட்சியகம் உள்ளது, அது பாராட்டுக்குரியது. பிள்ளைகள் தாங்களே இயக்கிப் பார்க்கும் மாதிரிகள் வேண்டிய இடம் குன்னூர் நிலையம் என்று நான் கருதுகிறேன். பல்சக்கரப் பாதை முடிந்து, நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டும் இடம் அது. பயணிகள் எல்லோரும் இறங்கி நின்று வேடிக்கை பார்க்கும் அந்த நேரத்தில், நடைமேடையில் இப்படி ஒரு மாதிரி இருந்தால் அதைச் சுழற்றாமல் எந்தக் குழந்தையும் பெட்டிக்குத் திரும்பாது.

சுவிட்சர்லாந்தை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் லூசெர்ன் நகரில் 1959-இல் திறக்கப்பட்ட போக்குவரத்து அருங்காட்சியகம், அந்த நாட்டில் மலையேறும் ரயில்கள் எப்படி வளர்ந்தன என்பதைக் குடும்பங்களுக்குக் காட்டுவதில் பெயர் பெற்றது. மழையும் பனியும் வெளியே இறங்கவிடாத நாட்களில் கூரைக்கடியில் நாள் முழுவதும் செலவிடத்தக்க இடமாகவும் அத்தகைய கூடங்கள் மலைநாடுகளில் பயன்படுகின்றன. நம் மலையிலும் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டில் பாதிக்கு மேல் ஈரம்தான். பூஜை விடுமுறைக்கும் தீபாவளி விடுமுறைக்கும் வரும் குடும்பங்கள் விடுதி அறையில் அடைபட்டு, பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, மழை விடும் நேரத்துக்காக ஜன்னலோரம் காத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

அடுத்தது தேயிலை. தொட்டபெட்டா சாலையிலும் மற்ற இடங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். கொழுந்து வாட்டப்படுவதையும், அரைபடுவதையும், உலர்த்தப்படுவதையும், சலித்துத் தரம் பிரிக்கப்படுவதையும் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ஓடும் இயந்திரங்களின் அருகே பிள்ளைகளை விடாதது சரியான ஏற்பாடுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேயிலையின் மைய வித்தைக்கு இயந்திரமே தேவையில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்துச் சற்று வாடவிட்ட கொழுந்தை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து நன்றாகக் கசக்கி உருட்டித் தட்டில் பரப்பி வைத்தால், சிறிது நேரத்தில் பச்சை நிறம் போய்ச் செம்பு நிறம் ஏறத் தொடங்குகிறது. பச்சிலை வாடை மாறித் தேநீரின் மணம் வருகிறது. இலையின் சாறு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் நிகழும் மாற்றம் அது. ஆறு வயதுக் குழந்தை தன் கையாலேயே செய்து, தன் மூக்காலேயே முகர்ந்து அறியக்கூடிய வேதியியல் இதைவிட வேறு என்ன இருக்கிறது? இதற்கு வேண்டியது ஒரு மேசை, சில தட்டுகள், அன்று காலை பறித்த ஒரு கூடைக் கொழுந்து, விளக்கிச் சொல்ல ஓர் ஆள். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெண்கள் இம்மலையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் வாழ்நாளைக் கழித்த தாயகம் திரும்பியோர் அவர்களில் கணிசமானவர்கள். அந்த அம்மாக்கள் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்து, நகரத்துப் பிள்ளைகளுக்கு விரல் நுனியால் கொழுந்து கிள்ளக் கற்றுக்கொடுப்பதைக் காண எனக்கு உண்மையிலேயே ஆசை. அதற்குரிய ஊதியமும் மரியாதையும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

மரியாதை பற்றிய இதே எச்சரிக்கையைப் பழங்குடி மக்களைக் குறித்தும் சொல்லியாக வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்பழங்குடியினரும் வாழும் மாவட்டம் இது. உதகையை அடுத்த முத்தொரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் அவர்களுடைய குடில்களின் மாதிரிகளையும் புழங்குபொருள்களையும் பாதுகாத்து வருகிறது. மலைக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் அங்கே சென்று வர வேண்டும். ஆனால் செயல்வழிக் கூடம் ஒன்று அமையும்போது அந்த மக்களை வேடிக்கைப் பொருளாக நிறுத்திவிடக் கூடாது. எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கக் கூடாது என்பதை அந்தந்தச் சமூகத்தின் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலையை எண்ணிப் பாருங்கள். துணியில் முன்கூட்டியே எதையும் வரைந்துகொள்வதில்லை. நெசவின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூல்களைக் கோக்கிறார்கள். ஒரு இழை தவறினால் கோலம் கோணிவிடும். கணக்குப் பாடத்தில் வடிவ ஒழுங்கும் சமச்சீரும் படிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தடித்த சாக்குத்துணியும் பெரிய ஊசியும் கொடுத்து, ஒரு தோடர் பெண்மணி பக்கத்தில் அமர்ந்து நான்கு வரிசை போட வைத்தால், அந்தப் பெண்மணியின் கையில் எவ்வளவு கணிதம் இருக்கிறது என்பது அப்பிள்ளைக்குத் தானே விளங்கும். கோத்தர்களின் மட்பாண்டக் கலைக்கும் இது பொருந்தும்.

முத்தொரையிலேயே இன்னொரு அதிசயம் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பதிவு செய்ய 1970-இல் அங்கே நிறுவிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதை ஏன் சமதளத்தில் வைக்காமல் மலைச்சரிவில் வைத்தார்கள் என்று கேட்டால் அழகான விடை கிடைக்கிறது. அந்தச் சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 டிகிரி. உதகையின் அட்சரேகையும் அதே 11 டிகிரிதான். ஆகவே வடக்குத் தெற்காகக் கிடக்கும் அந்த நெடிய தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அதை ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானில் நகரும் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் வரை பின்தொடர முடிகிறது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் இந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்ததன் நுட்பம் அதில் அடங்கியிருக்கிறது. ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் நாள்தோறும் கூட்டத்தை அனுமதிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கைப்பேசியின் அலைகளே அங்கே இடையூறுதான். ஆனால் ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் கோணமானியும், ஒரு பூகோள உருண்டையும், சாய்த்து வைத்த ஒரு குச்சியும் இருந்தால் நகரத்துக் கூடத்திலேயே இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்து பார்த்துவிடலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இந்த வகையில் நமக்கு முன்மாதிரி. சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்களின் ஓட்டத்தை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்த அந்த ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் சூரியனின் பிம்பத்தையும் அதன் ஒளி நிறமாலையையும் காணும் ஏற்பாடு இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவாகச் சென்ற என் மாணவர்கள் ஏரியையும் படகையும் மறந்துவிட்டார்கள். நிறமாலையில் கண்ட கறுப்புக் கோடுகளைப் பற்றி அடுத்த ஆண்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட இன்றியமையாததாக நான் கருதுவது, மலைப் பள்ளத்தாக்குகளில் அடர்ந்து வளரும் சோலைக்காட்டைப் பற்றிய பாடம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மரங்கள் சாய்கின்றன, சாலைகள் துண்டிக்கப்படுகின்றன. சோலையும் புல்வெளியும் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகின்றன என்று புத்தகத்தில் படிக்கிறோம். இரண்டு சாய்வான தொட்டிகளை அருகருகே வையுங்கள். ஒன்றில் வெறும் மண், மற்றதில் புல்லும் வேரும் இலைச் சருகும் கூடிய மண். ஒரு குழந்தை பூவாளியால் இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றட்டும். வெறும் மண்ணிலிருந்து கலங்கிய நீர் உடனே பாய்ந்து மண்ணையும் அடித்துக்கொண்டு வருகிறது. மற்றதிலிருந்து தெளிந்த நீர் தாமதமாகச் சொட்டுகிறது. கோத்தகிரி அருகே 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை சுற்றுப்புறக் கிராமங்களுக்கு எப்படிக் குடிநீர் தருகிறது, அது ஏன் 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது என்பதற்கு அந்தத் தொட்டிகளே விளக்கம். அதே தண்ணீரை ஒரு சிறு சக்கரத்தின் மேல் விழச் செய்து விளக்கை எரிய வைத்தால், 1932-இல் இயங்கத் தொடங்கிய பைகாரா நீர்மின் நிலையத்தின் கதையும் அதோடு சேர்ந்துகொள்ளும். கோவையின் ஆலைகளும் பம்பு செட்டுத் தொழிலும் அந்த மின்சாரத்தில் வளர்ந்தவை. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரும் குழந்தைகளுக்கு இந்த மலை தங்கள் ஊருக்கு எதைக் கொடுத்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். தெரிந்தால் ஓடையில் பிளாஸ்டிக் உறையை எறியக் கை வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

“குழந்தைகள் உடைத்துவிடுவார்கள்” என்பது இப்படிப்பட்ட யோசனைகளுக்கு எப்போதும் வரும் மறுப்பு. உடைக்கத்தான் செய்வார்கள். ஒரு நகரத்தின் அறிவியல் கூடத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, பொத்தானை அழுத்தினால் இயங்க வேண்டிய மாதிரிகளில் பலவற்றின் மேல் “பழுது” என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை ஆசையோடு ஓடிய பிள்ளைகள் எத்தனை முறை திரும்பி வந்தார்கள் என்பது இன்னும் எனக்கு வேதனை தருகிறது. திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்கிப் பராமரிப்புக்கு ஒதுக்காததே அதற்குக் காரணம். சான் பிரான்சிஸ்கோவில் 1969-இல் இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்புளோரட்டோரியத்தில், பொருள்களைச் செய்வதற்கும் செப்பனிடுவதற்குமான பட்டறையே பார்வையாளர்களின் கண்முன் இயங்குமாறு வைத்தார்கள். நம் கூடத்திலும் அப்படி ஒரு பட்டறை வேண்டும். வெளிமாநில நிறுவனத்திடம் மின்னணுப் பெட்டிகளை வாங்கிக் குவிக்காமல், உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் ஐடிஐ படித்த இளைஞர்களும் செய்து, அவர்களே பழுது பார்க்கக்கூடிய மரத்தாலும் இரும்பாலும் ஆன பொருள்களையே வைக்க வேண்டும். உடைந்ததை எப்படிச் சரி செய்கிறார்கள் என்பதைப் பார்ப்பதும் ஒரு பாடம்தான்.

புதிய கட்டடம் எழுப்ப வேண்டாம் என்பதையும் வலியுறுத்துகிறேன். சரிவை வெட்டிக் கான்கிரீட் தூண் எழுப்பிவிட்டு, அதற்குள் நிலச்சரிவைப் பற்றிப் பாடம் நடத்துவது முறையாகாது. பயன்பாடின்றிக் கிடக்கும் அரசுக் கட்டடங்கள் உதகையிலும் குன்னூரிலும் உண்டு. 1960-இல் நிறுவப்பட்டு, நாட்டுக்கே ‘இந்து’ பிலிம் சுருள்களைத் தயாரித்து அளித்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. அதன் வளாகத்தில் தகுதியான, பாதுகாப்பான ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுத்துச் சீரமைக்க முடியுமானால், ஊசித்துளைக் கேமராவும் இருட்டறையும் அதற்குள் இயல்பாகவே பொருந்தும். வெளியே இருக்கும் மலை, தலைகீழ்ப் படமாகச் சுவரில் விழுவதைக் காணும் குழந்தைக்கு, அந்த ஆலையில் உழைத்த மனிதர் ஒருவரே பக்கத்தில் நின்று பிலிம் என்றால் என்ன என்று சொல்லலாம்.

நடைமுறையில் சில வேண்டுகோள்கள். விளக்கங்கள் அனைத்தும் முதலில் நல்ல தமிழில், பிள்ளைகளின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். நீலகிரி மாவட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமே கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்காக என்று மட்டும் நினைத்துக் கட்டினால், கேத்தியிலும் கூடலூரிலும் வசிக்கும் பிள்ளைகள் தங்கள் ஊரின் அருங்காட்சியகத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க நேரும். நடக்க இயலாத குழந்தைகளுக்குச் சரிவுப் பாதையும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு ஓர் அறையும், சுத்தமான கழிப்பறையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இடம்பெற வேண்டும். 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்தில் உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்களும் மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. வருவோர் எண்ணிக்கையை இனி கூட்டிக்கொண்டே போக முடியாது. வருகிறவர்கள் ஓரிடத்தில் நிதானமாக இருந்து, கூடுதல் நேரம் செலவிட்டுச் செல்லும் வகையில் மலைச் சுற்றுலாவைத் திருத்தி அமைக்க இதுவே தக்க தருணம்.

மாவட்ட ஆட்சியரும், சுற்றுலாத் துறையும், பள்ளிக் கல்வித் துறையும், தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்ட நிர்வாகமும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால், முழு அருங்காட்சியகம் வருவதற்கு முன்பே குன்னூர் நிலையத்துப் பல்சக்கர மாதிரியை அடுத்த கோடை விடுமுறைக்குள் அமைத்துவிடலாம். ஓய்வுபெற்ற ரயில்வே பணியாளர்களும் அறிவியல் ஆசிரியர்களும் அதை வடிவமைக்கவும், விடுமுறை நாட்களில் அருகில் நின்று விளக்கவும் ஊதியமின்றி உதவ ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையை உரியவர்களின் பார்வைக்குக் கொண்டு செல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.